இசை ஆய்வாளர் ஒருவரின் சேகரிப்பை எண்ணிமப்படுத்தும் முன்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பை நாம் இன்றும் பேசுகிறோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் நமது வீட்டு நிலவறைகளில் இன்னோர் இழப்பு ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இசை ஆய்வாளர் ஒருவர் காலமாகிறார். மட்டக்களப்பில் பதிவுசெய்த வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாடல்கள், கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்கள், இணுவில், அளவெட்டிக் கலைஞர்களின் நாதஸ்வர, தவில் கச்சேரிகள், கையால் எழுதிய சுரக் குறிப்புகள் எல்லாம் பெட்டிகளில் கிடக்கின்றன. 1947இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் போல அச்சேறிய நூல் பல பிரதிகளாக வாழும். ஆய்வாளரின் ஒலிநாடாவுக்கும் குறிப்பேட்டுக்கும் பெரும்பாலும் ஒரே பிரதிதான்.

ஒழுங்கைக் கலைக்க வேண்டாம்

பெட்டிகளைத் திறந்தவுடன் அடுக்கத் தொடங்கக் கூடாது. எந்த நாடாவோடு எந்தக் குறிப்பேடு இருந்தது என்பதே ஒரு தகவல். முதலில் இருந்தபடியே படமெடுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் பொருளுக்கும் எண்ணிட்டுப் பட்டியல் எழுதுவோம். பூஞ்சணம் பிடித்தவற்றை உடனே தனியே பிரித்து வைப்போம்.

தாள்கள்

துருப்பிடித்த கம்பிகளையும் கிளிப்புகளையும் மெதுவாகக் கழற்ற வேண்டும். கிழிந்த தாளுக்குச் செலோரேப் ஒட்டுவதும், பிளாஸ்ரிக் உறையிட்டு லமினேற் செய்வதும் தீராத கேடு. சுரக் குறிப்புகளில் மேலும் கீழும் இடும் புள்ளிகளே தாரம், மந்திரம் என்று காட்டுகின்றன. ஆகவே அங்குலத்துக்கு 400 முதல் 600 புள்ளிகள் வரையான தெளிவில், வண்ணத்தில் வருடி, சுருக்காத டிஃப் கோப்பாக வைப்பது நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கணினிக் கோப்புகளின் மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, யூனிகோட்டுக்கு மாற்றிய பிரதி ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

ஒலிநாடாக்கள்

இங்கேதான் அவசரம் அதிகம். நாடா பழுதாகிறது, அதை ஓட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. கசெற்றின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிட்டால் தவறுதலாக அழிபடாது. ஒலிபெருக்கிக்கு அருகில் வைக்கக் கூடாது. ஒட்டிக்கொள்ளும் நாடாவை வற்புறுத்தி ஓட்டாமல் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்போம்.

பதிவை 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் வேவ் கோப்பாக எடுப்பது ஒலி ஆவணகங்களின் வழமை. இரு தட ஒலியில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 கிகாபைற் இடம் வேண்டும். மூலப் பிரதியில் இரைச்சலை நீக்க வேண்டாம். பாடுபவரின் மூச்சும் அதோடு போய்விடலாம். வீட்டில் கேட்க எம்பி3 பிரதி போதும்.

பெயரும் விபரமும்

'அப்பா கசெற் 3' என்ற பெயரால் நாளை எவருக்கும் பயனில்லை. யார் பாடினார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தச் சடங்கு, என்ன பண் அல்லது இராகம் என்று எழுத வேண்டும். இதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பது வயதைத் தாண்டிய நமது பெரியவர்கள். நாடாவை ஓடவிட்டு, அவர்கள் அருகில் இருந்து, சொல்வதையும் பதிவுசெய்வோம். கருவியைப் பிறகும் வாங்கலாம். அவர்களது நினைவு காத்திருக்காது.

உரிமை

நாடா நம்முடையதாக இருக்கலாம், பாட்டு பாடியவருடையது. போர்க்காலப் பதிவில் ஒருவரின் பெயரோ இருப்பிடமோ வந்தால் வெளியிடுமுன் யோசிக்க வேண்டும். கோயிலுக்குள் மட்டும் பாட வேண்டியவை என்று ஊரவர் கருதும் பாடல்களைப் பாதுகாக்கலாம். வெளியிட ஊரவரைக் கேட்போம்.

மூன்று பிரதிகள்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் என்பது எளிய விதி. கோப்புகளைத் திறந்து ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளுடனும் பேசலாம். எண்ணிமப்படுத்தியபின் மூலத்தை எறிந்துவிடக் கூடாது.

வருகிற விடுமுறையில் ஒரு பெட்டியைத் திறப்போம். அந்தப் பாட்டைப் பாடியவரின் ஊர் இன்று இடம்பெயர்ந்து சிதறியிருக்கலாம். அவரது குரல் நம் கையில் இருக்கிறது.