செந்தூல் மாணவரும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும்

1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ், 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன, மாநிலம் கடக்கத் தடை. விடுதிகளில் சிக்கிய மாணவர்கள் பல வாரம் வீடு திரும்ப முடியவில்லை. ஏப்ரல் இறுதியில்தான் கட்டங்கட்டமாக அனுப்பப்பட்டனர்.

ரயில்வே பட்டறையால் வளர்ந்த செந்தூலின் மாணவர்களுக்கு மாநிலம் கடக்கும் தடை கூடுதல் பாரமானது. செந்தூல் கூட்டரசுப் பிரதேசத்தில் இருக்கிறது. சற்று வடக்கே உள்ள பத்துமலையோ சிலாங்கூர் மாநிலம்; அங்கே போவதும் மாநிலம் கடப்பதுதான். 2020 அக்டோபர் 14 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாவட்ட எல்லை கடப்பதும் தடுக்கப்பட்டது. அதே மாதத் தொடக்கத்தில் பல பல்கலைக்கழகங்கள் நேரடிப் பதிவைக் கடைசி நேரத்தில் தள்ளிவைத்தன. அதற்குள் மாணவர் பலர் புறப்பட்டிருந்தனர். ஏழைக் குடும்பங்களுக்கு அது பேரிழப்பு. முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும்.

பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டபின், 2021 அக்டோபர் 11 அன்று மாநிலம் கடக்கும் தடை நீங்கியது.