வெடிகுண்டும் சட்டமும்

கிணறு வெட்டும் குடியானவன், பாறை குறுக்கிட்டால் வெடி வைத்துத் தகர்க்கிறான். தீபாவளி வந்தால் ஊரெல்லாம் பட்டாசு முழங்குகிறது. வெடிமருந்து நமக்குப் புதிய பொருளன்று. ஆயினும் அதே மருந்தை உலோகக் கூட்டில் அடைத்து ஒருவன் வீட்டில் வைத்திருப்பானாகில், அது பெருங்குற்றமாகிறது. இவ்வெல்லை நம் நாட்டில் வகுக்கப்பட்ட வரலாற்றைச் சிறிது காண்போம்.

லிட்டன் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்தபோது, 1878-ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டம் பிறந்தது. துப்பாக்கியும் ரவையும் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று அது விதித்தது; ஐரோப்பியருக்கோ விதிவிலக்கு அளிக்கப்பட்டது. சொந்த மண்ணிலேயே தம்மை நம்பத் தகாதவர்களாக நடத்தியது இந்தியர் உள்ளத்தைப் புண்படுத்திற்று. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, இச்சட்டத்தைத் திருத்த வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. இதற்கிடையே 1884-இல் வந்த வெடிமருந்துச் சட்டம், வெடிமருந்தைச் செய்வது, வைத்திருப்பது, விற்பது, ஏற்றிச் செல்வது ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. அதன் நோக்கம் விபத்தைத் தடுப்பதே.

குண்டு என்பதையே குறியாகக் கொண்ட சட்டம் 1908-இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 30-ந் தேதி இரவு முஸப்பர்பூரில், நீதிபதி கிங்ஸ்போர்டின் வண்டி என்று எண்ணிக் குதிராம் போஸும் பிரபுல்ல சாக்கியும் குண்டு வீசினர். வண்டியில் இருந்தவர்களோ வேறு இரு பெண்மணிகள், இருவரும் மாண்டனர். 40 நாட்களுக்குள், ஜூன் 8-ந் தேதி, வெடிபொருள் சட்டம் நிறைவேறிவிட்டது. ஐரிஷ் புரட்சியாளரின் டைனமைட்டுக்கு அஞ்சி 1883-இல் இங்கிலாந்து இயற்றிய சட்டமே அதற்கு முன்மாதிரி.

அதன் 5-ஆவது பிரிவு கவனிக்கத்தக்கது. சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலையில் ஒருவன் தெரிந்தே வெடிபொருள் வைத்திருந்தால், அது நியாயமான காரியத்திற்கே என்று அவன்தான் காட்ட வேண்டும். குற்றத்தை வாதியே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் பொது நீதி இங்கே பெரிதும் தளர்கிறது. இதற்கு ஈடாக 7-ஆவது பிரிவு, சர்க்காரின் இசைவின்றி இச்சட்டப்படி எவரையும் விசாரிக்கலாகாது என்றது.

மறுநாளே திலகர் தமது 'கேசரி'யில் எழுதினார். குண்டு செய்வது ஒருவகை அறிவு. அதைச் சட்டத்தால் பூட்டிவைக்க இயலாது. மக்களுக்கு உரிமை வழங்குவதே நிலையான பரிகாரம் என்பது அவருடைய வாதம். அதற்காகவும் முந்திய ஒரு கட்டுரைக்காகவும் அவருக்கு 6 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. குதிராம் ஆகஸ்ட் 11-ந் தேதி தூக்கிலேறினார். பின்னர் 1929-இல் சட்டசபையில் குண்டு வீசிய பகத்சிங்கும் படுகேசுவர தத்தரும் இச்சட்டத்தின் கீழும் தண்டிக்கப்பெற்றனர்.

நாடு விடுதலை பெற்றது. அந்நியன் சட்டமாயிற்றே என்று இதனை நாம் எறிந்துவிடவில்லை. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி, 1959-இல் இயற்றி 1962-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆயுதச் சட்டமும், ராக்கெட், குண்டு, கையெறிகுண்டு, பீரங்கிக் குண்டு ஆகியவற்றைத் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்த்தது. மத்திய சர்க்காரின் தனி அனுமதியின்றி எவரும் அவற்றை வைத்திருத்தல் ஆகாது. 1908-ஆம் ஆண்டுச் சட்டமோ 2001-இல் திருத்தப்பெற்று இன்னும் கடுமையாயிற்று. விசாரணைக்கு இசைவளிக்கும் பொறுப்பு மாவட்ட மாஜிஸ்டிரேட்டிடம் வந்தது.

இவ்வாறு நாம் செய்தது முரண்பாடா? அன்று, முஸப்பர்பூர் வண்டியில் இறந்தவர் யார் என்பதை எண்ணினால் காரணம் விளங்கும். துப்பாக்கி ஏந்தியவன் ஓர் ஆளைக் குறிபார்க்கிறான். குண்டோ அருகில் நிற்பவர் எவரையும் விடுவதில்லை. குதிராமின் தியாகத்தைப் போற்றுகிற நாமே, சந்தையிலும் ரயிலிலும் குண்டு வெடிக்கக் கண்டிருக்கிறோம். ஆள்வோரைக் காக்கப் பிறந்த சட்டம் இன்று வழிப்போக்கரைக் காக்க வேண்டியிருக்கிறது. ஆனால், தன் குற்றமின்மையைத் தானே காட்டு என்று குடிமகனிடம் கேட்கும் சட்டம் இது. எனவே விசாரணைக்கு இசைவு தரும் அதிகாரி, அந்தக் கையெழுத்தைச் சடங்காக எண்ணிவிடலாகாது. குடிமகனுக்கு முதலிலேயே கிடைக்கும் காவல் அந்தக் கையெழுத்துத்தான்.