செராமிக் பூச்சுக்கான மேற்பரப்புத் தயாரிப்பு

செராமிக் பூச்சுக்கான மேற்பரப்புத் தயாரிப்பு என்பது, தானுந்து ஒன்றின் வண்ணப்பூச்சின் மீது செராமிக் பூச்சு இடுவதற்கு முன்னர், அதைக் கழுவி, ஒட்டியுள்ள மாசுகளை நீக்கி, தேவையெனில் மெருகேற்றி, எண்ணெய்ப்பசை இன்றித் துடைத்தெடுக்கும் பணிகளின் தொகுப்பு ஆகும். பழைய வண்டிகளுக்கு மட்டுமன்றி, விற்பனை நிலையத்திலிருந்து வெளிவந்த புதிய வண்டிகளுக்கும் இது தேவைப்படுகிறது.

செராமிக் பூச்சு ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. தனக்கு அடியிலுள்ள கீறலையும் கறையையும் அது மறைப்பதில்லை. கெட்டியான பின்னர் அதைக் கழுவி நீக்க இயலாது. பெரும்பாலும் தேய்த்தே எடுக்க வேண்டும். எனவே முன்பணியில் விடப்படும் குறை பூச்சுக்கு அடியில் தங்கிவிடுகிறது. அதே வேளையில், மெருகேற்றும்போது இழக்கப்படும் வண்ணப்பூச்சை மீண்டும் பெற முடியாது. ஆகவே எவ்வளவு குறைவாகத் தேய்த்தால் போதும் என்று முடிவு செய்வதே இப்பணியின் முதன்மையான கூறாகும்.

வண்ணப்பூச்சின் அமைப்பு

இன்றைய தானுந்துகளில் உலோகத் தகட்டின் மீது பொதுவாக நான்கு அடுக்குகள் காணப்படுகின்றன. அவற்றின் தடிப்பு ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்.

* மின்முறைப் படிவுப் பூச்சு (துருத் தடுப்பு): 20 மைக்ரோமீட்டர்
* பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு: 30 முதல் 35 மைக்ரோமீட்டர்
* நிறப்பூச்சு: 12 முதல் 20 மைக்ரோமீட்டர்
* கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு: 35 முதல் 50 மைக்ரோமீட்டர்

நான்கும் சேர்ந்தும் இரண்டு தாள்களின் தடிப்பை எட்டுவதில்லை. இவற்றுள் மெருகேற்றும்போது தேய்வது மேற்பூச்சு மட்டுமே. வெயிலின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சும் சேர்மங்கள் அதில் கலக்கப்பட்டுள்ளன. மேற்பூச்சு மெலியும்போது கதிர்களைத் தாங்கும் திறனும் குறைகிறது. அளவுக்கு மீறித் தேய்க்கப்பட்ட பகுதி சில ஆண்டுகளில் வெளிறி, செதில் செதிலாக உரியக்கூடும். அதன் பின்னர் மறுபடியும் வண்ணம் பூசுவதைத் தவிர வேறு தீர்வு இல்லை.

செராமிக் பூச்சின் தன்மை

செராமிக் பூச்சுகள் பெரும்பாலும் பாலிசிலசேன், சிலாக்சேன் போன்ற சிலிக்கன் சேர்மங்களைக் கரைப்பானில் கொண்ட நீர்மங்கள் ஆகும். பூசியவுடன் கரைப்பான் ஆவியாகிறது. எஞ்சியவை காற்றிலுள்ள ஈரப்பதத்துடன் வினைபுரிந்து சிலிக்கா போன்ற வலைப்பின்னலாக இறுகுகின்றன. இவ்வாறு உருவாகும் படலம் வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். அது மேற்பூச்சுடன் நெருங்கித் தொட்டால்தான் உறுதியாகப் பற்றும். இடையில் மெழுகு, சிலிக்கோன் எண்ணெய், மெருகுக் குழம்பின் பசை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் பூச்சு அதன் மீதே படிந்து விரைவில் அகன்றுவிடும்.

புதிய வண்டியில் காணப்படும் குறைகள்

தொழிற்சாலையை விட்டு வெளிவரும் வண்டி தொடர்வண்டியிலும் கப்பலிலும் சுமையுந்திலும் பயணம் செய்து, திறந்த வெளியில் வாரக்கணக்கில் நிற்பதுண்டு. இக்காலத்தில் பின்வரும் குறைகள் ஏற்படலாம்.

* தண்டவாளம், சக்கரம், தடுப்புக்கட்டை ஆகியவற்றிலிருந்து பறக்கும் இரும்புத்துகள்கள் மேற்பூச்சில் பதிந்து துருப்பிடித்தல்
* பாதுகாப்புக்காக ஒட்டிய மெல்லிய படலத்தின் பசை மீதமிருத்தல்
* பறவை எச்சம், மரப்பிசின், தார் ஆகியவற்றின் கறை
* கடின நீர் உலர்ந்து விட்டுச்செல்லும் சுண்ணப் புள்ளிகள்
* தூசி படிந்த வண்டியைத் துணியால் துடைப்பதால் உண்டாகும் வட்டவட்டமான நுண்கீறல்கள்

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது பெரும்பாலும் விற்பனை நிலையத்தில், வண்டியை ஒப்படைப்பதற்கு முன் அவசரமாகக் கழுவும்போது ஏற்படுகிறது. இதனால் செராமிக் பூச்சு இட எண்ணும் சிலர், வண்டியைக் கழுவாமலும் மெழுகு பூசாமலும் ஒப்படைக்குமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்கின்றனர்.

தயாரிப்புப் படிகள்

1. கழுவுதல்
முதலில் நீரைப் பீய்ச்சித் தளர்ந்த மண்ணை அகற்ற வேண்டும். பின்னர் அமிலமும் காரமும் மிகாத வாகன ஷாம்பு கொண்டு, மேலிருந்து கீழாகக் கழுவுவர். ஒரு வாளியில் ஷாம்பு நீரும் மற்றொன்றில் தூய நீரும் வைத்து, கழுவும் கையுறையை ஒவ்வொரு முறையும் தூய நீரில் அலசியபின் ஷாம்பு நீரில் தோய்ப்பது வழக்கம். இதனால் மணல் மீண்டும் வண்டிக்குச் செல்வது குறைகிறது. மெழுகு சேர்த்த ஷாம்புகள் இதற்கு ஏற்றவையல்ல.

2. வேதியியல் முறையில் மாசு நீக்கல்
இரும்புத்துகள் நீக்கிகளில் தயோகிளைகோலேட்டு உப்பு உள்ளது. அது இரும்புடன் வினைபுரிந்து ஊதா நிறமாக மாறுவதால் துகள்கள் எங்குள்ளன என்பதும் தெரிந்துவிடும். நிழலில், குளிர்ந்த பரப்பில் தெளித்து, உலர்வதற்கு முன்பே அலசிவிட வேண்டும். தாருக்கும் பசைக்கும் கரைப்பான் வகை நீக்கிகள் பயன்படுகின்றன. சுண்ணப் புள்ளிகளை மென்மையான அமில நீக்கிகள் கரைக்கும்.

3. களிக்கட்டியால் தேய்த்தல்
கிளே பார் எனப்படும் களிக்கட்டி, நுண்ணிய உராய்பொருள் கலந்த, பிசையக்கூடிய செயற்கைப் பொருள் ஆகும். ஜப்பானியரான தடாவோ கொடாத்தே இதற்கு 1995ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமம் பெற்றார். வழுவழுப்பான நீர்மம் தெளித்த பரப்பில் இதை அழுத்தாமல் நகர்த்தினால் புடைத்து நிற்கும் துகள்கள் பெயர்ந்து கட்டியில் ஒட்டிக்கொள்ளும். தரையில் விழுந்த கட்டியை மீண்டும் பயன்படுத்தலாகாது.

களிக்கட்டியே மெல்லிய தடங்களை விடக்கூடும். ஆகவே கையில் மெல்லிய நெகிழிப் பையை அணிந்து பரப்பைத் தடவிப் பார்த்து, சொரசொரப்புள்ள இடங்களில் மட்டும் இதைப் பயன்படுத்துவது நல்லது.

4. ஆய்வும் அளவீடும்
வண்டியை உலர்த்தியபின் வலிமையான விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சிக் கீறல்களைக் கண்டறிவர். தடிப்புமானியால் வண்ணப்பூச்சின் தடிப்பு அளக்கப்படும். இக்கருவி எஃகின் மீது காந்தத் தூண்டலாலும் அலுமினியத்தின் மீது சுழல் மின்னோட்டத்தாலும் செயற்படுகிறது. வழக்கமான தடிப்புமானி நான்கு அடுக்குகளின் மொத்தத் தடிப்பையே காட்டும். மேற்பூச்சு எவ்வளவு என்பதைத் தனியே காட்டாது. நெகிழிப் பகுதிகளில் அது செயற்படாது. ஓரிடத்தில் மட்டும் அளவு மிக அதிகமாக இருந்தால், அப்பகுதி மறுவண்ணம் பூசப்பட்டதாக இருக்கலாம்.

5. மெருகேற்றல்
இப்படி எல்லாப் புதிய வண்டிகளுக்கும் கட்டாயமன்று. கீறல் இல்லாத பரப்பைத் தேய்ப்பது மேற்பூச்சை வீணாக்குவதாகும். தேவைப்படும் வண்டியில் முதலில் சிறிய பகுதி ஒன்றில், மென்மையான திண்டும் நுண்ணிய மெருகுக் குழம்பும் கொண்டு சோதிப்பர். அது போதாதபோதே சற்றுக் கடுமையான வகைக்கு மாறுவர். சுழன்றுகொண்டே அதிரும் இரட்டை இயக்கப் பொறி, ஒற்றைச் சுழற்சிப் பொறியைவிடக் குறைந்த வெப்பத்தை உண்டாக்குவதால் பழக்கமில்லாதவர்களுக்கும் பாதுகாப்பானது. விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு எளிதில் தேய்ந்துவிடுவதால் அவற்றை ஒட்டுநாடாவால் மறைப்பர்.

நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலை முற்றாக நீக்க முயல்வது ஆபத்தானது. அதன் விளிம்புகளை மட்டும் மழுக்கி, எஞ்சியதை அப்படியே விட்டுவிடுவதே முறையாகும்.

6. எண்ணெய்ப்பசை நீக்கல்
மெருகுக் குழம்பின் எண்ணெயை, நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்ககால் அல்லது பூச்சுத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் துடைப்பு நீர்மம் கொண்டு தூய நுண்ணிழைத் துணியால் துடைத்தெடுப்பர். சில மெருகுக் குழம்புகள் கீறலை நீக்காமல் நிரப்பி மறைக்கின்றன. அவை துடைத்தபின் மீண்டும் தோன்றும் என்பதால் இறுதி ஆய்வு இப்படிக்குப் பின்னரே செய்யப்பட வேண்டும்.

பூச்சு இடும் சூழல்

தூசியும் நேரடி வெயிலும் இல்லாத இடமே ஏற்றது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தால் பூச்சு விரைவாக இறுகி, துடைத்துச் சமப்படுத்தும் முன்பே திட்டுகளாக நின்றுவிடும். அத்திட்டுகளை நீக்க மீண்டும் மெருகேற்ற நேரிடும். எனவே கடலோர வெப்ப நாடுகளில் சிறுசிறு பகுதிகளாகப் பூசுவது நன்று. பூசியபின் குறைந்தது ஒரு நாளேனும் நீர் படாமல் காப்பதும், ஏறத்தாழ ஒரு வாரம் ஷாம்பு கொண்டு கழுவாதிருப்பதும் பொதுவான பரிந்துரைகள் ஆகும்.

மறுவண்ணம் பூசிய பகுதிகள்

தொழிற்சாலையில் மேற்பூச்சு ஏறத்தாழ 140 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடப்படுவதால், புதிய வண்டிக்குக் காத்திருப்புக் காலம் தேவையில்லை. பணிமனையில் மறுவண்ணம் பூசப்பட்ட பகுதி இவ்வளவு வெப்பத்தில் சுடப்படுவதில்லை. அதன் கரைப்பான்கள் வெளியேறச் சில வாரங்கள் வரை ஆகலாம். அதற்கு முன் பூச்சு இடுதல் தவிர்க்கப்பட வேண்டும்.

தவறான கருத்துகள்

விளம்பரங்களில் காணப்படும் 9எச் என்னும் அளவு பென்சில் கடினத்தன்மைச் சோதனையைக் குறிக்கிறது. கனிமங்களின் கடினத்தன்மையைக் கூறும் மோவின் அளவுகோலில் 9 என்பது குருந்தக் கல்லைக் குறிக்கும். இரண்டும் வேறானவை. செராமிக் பூச்சு கல்லடியையோ சாவிக் கீறலையோ தடுக்காது. அழுக்கு எளிதில் அகலவும் வேதிப்பொருள்களின் தாக்கம் குறையவும் அது உதவுகிறது.

பாதுகாப்பு

பூச்சுகளிலும் நீக்கிகளிலும் உள்ள கரைப்பான்கள் எரியக்கூடியவை. பாலிசிலசேன் இறுகும்போது அம்மோனியா வெளியாகிறது. ஆகவே காற்றோட்டம், கையுறை, ஏற்ற முகமூடி ஆகியவை தேவை. பூசிய துணி உலர்ந்ததும் கண்ணாடித்துகள் போல் கடினமாகிக் கீறும் தன்மை பெறுவதால், அதை மீண்டும் பயன்படுத்தாமல் அகற்றிவிட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* தானுந்து
* வண்ணப்பூச்சு
* சிலிக்கன் டைஆக்சைடு
* கடின நீர்