இயந்திரத்துக்குக் கொடுத்த வாடகை

கணினித் துறையில் முதல் வேலைக்கு ஒரு சான்றிதழ் இருந்தால் நல்லது என்று நினைக்கும் பட்டதாரி முதலில் குழம்புவது, பணம் கட்டி கிளாஸில் சேர்வதா, வீட்டிலேயே படித்துத் தேர்வெழுதுவதா என்பதில்தான். காம்ப்டியாவின் ஏ பிளஸ், சிஸ்கோவின் சிசிஎன்ஏ போன்ற தேர்வுகளுக்கு எந்த வகுப்பிலும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். வகுப்பா, வீடா என்பதை நாம் பெரும்பாலும் ஆளின் குணத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறோம்: ஒழுங்காகப் படிக்கிறவனுக்கு வகுப்பு வேண்டாம், சோம்பேறிக்கு வேண்டும். தமிழ்நாட்டுப் பயிற்சி நிலையங்களின் பழைய கதையைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. அவை வாங்கிய ஃபீஸில் பெரும்பங்கு பாடத்துக்கான விலை அல்ல. வீட்டில் இல்லாத ஓர் இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் கொடுத்த வாடகை அது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பெயர்ப்பலகையில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் அக்கம்பக்கமாக நிற்கும். ஆனால் இரண்டும் ஒரே சரக்கல்ல. 1837இல் தன் சுருக்கெழுத்து முறையை வெளியிட்ட ஐசக் பிட்மன், இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் வந்த 1840லேயே அதை அஞ்சல் வழியாகக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். மாணவர் எழுதி அனுப்புவார், திருத்தம் தபாலில் திரும்பி வரும். பென்சிலும் புத்தகமும் இருந்தால் ஆரம்பப் பாடம் நடந்துவிடும். வேகம் கூட்ட வேண்டிய கட்டத்தில்தான் கடிகாரத்தைப் பார்த்து வாசித்துக்காட்ட ஓர் ஆள் தேவை. தட்டச்சு அப்படியில்லை. முதல் நாள் ‘ஏ எஸ் டி எஃப்’ அடிக்கவே இயந்திரம் வேண்டும். கோத்ரெஜ் 1955இல் இந்தியாவிலேயே தட்டச்சு இயந்திரம் செய்யத் தொடங்கிய பிறகும் அதைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்த வீடுகள் அபூர்வம். எனவே லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 என்ற அரசுத் தேர்வின் வேகத்தை எட்ட, மாதக் கட்டணம் கட்டி, தினம் ஒரு மணி நேரம் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வழி இருக்கவில்லை. மாஸ்டர் விரல்களைத் திருத்தினார் என்பது உண்மை. தவறாகப் பழகிய விரலை மாற்றுவது கடினம் என்பதால் அந்தத் திருத்தத்துக்கு மதிப்பும் உண்டு. ஆனால் சில வாரங்களில் விரல்கள் இடம் பழகிவிடும். அதற்குப் பிறகும் மாதாமாதம் ஃபீஸ் கட்டியது மாஸ்டருக்காக அல்ல, மெஷினுக்காக.

கணினி வந்தபோது அதே வியாபாரம் குளிரூட்டிய அறைக்குக் குடிபெயர்ந்தது. 1981இல் என்ஐஐடி, 1986இல் ஆப்டெக், பிறகு சென்னையிலேயே பிறந்த எஸ்எஸ்ஐ. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகும் அளவுக்குக் கணினிக்கு மரியாதை இருந்த காலம் அது. (கோவிலுக்கும் கம்ப்யூட்டர் லேபுக்கும் மட்டுமே அந்தச் சலுகை.) 1990இல் மத்திய அரசு கொண்டுவந்த டோயக் என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் ‘ஓ’ லெவல் தேர்வை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படித்தும் எழுதலாம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு எங்கும் சேராமல் நேரடியாகவும் எழுதலாம். தனியாகப் படிக்கச் சட்டப்படி தடை இல்லை. கணினி இல்லாத வீடுதான் தடை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, வாடகைக் கணக்கு கேட்பாரற்றுச் சரிந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். தனியாகப் படித்துத் தேறியவர்களின் சான்றிதழ் வெறும் காகிதம் என்ற பேச்சு பழையது. நாவெல் நிறுவனத்தின் சிஎன்இ பட்டம் பிரபலமாக இருந்த தொண்ணூறுகளிலேயே ‘பேப்பர் சிஎன்இ’ என்ற கேலி பிறந்துவிட்டது. சர்வரையே தொடாமல் கேள்விகளை மட்டும் நெட்டுருப் போட்டுத் தேறியவர் என்று பொருள். பின்னால் மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்இக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்தக் குறை தனிப்படிப்பின் குறை அல்ல. இரண்டே வாரத்தில் பாஸ் செய்ய வைக்கும் அவசர வகுப்புகளும் ‘டம்ப்ஸ்’ என்ற விடைத் தொகுப்புகளையே நம்பி நடந்தன. குறை தேர்வின் வடிவத்தில் இருந்தது. சரியான விடையைக் குறிப்பது மட்டுமே தேர்வென்றால் வகுப்பும் புத்தகமும் ஒரே கதிக்குத்தான் ஆளாகும். 1999இல் ரெட் ஹேட் தொடங்கிய ஆர்எச்சிஇ தேர்வில், பழுதான லினக்ஸ் கணினியை உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது; எங்கே படித்தாய் என்று அது கேட்கவில்லை. நெட்வொர்க்கிங்கில் ரவுட்டரின் விலை உண்மையான தடையாக இருந்தது. அதனால்தான் சிசிஎன்ஏ வந்த 1998க்குப் பிறகு பல ஆண்டுகள், ரவுட்டர் அடுக்கிய லேப் வைத்திருந்த நிலையம் கேட்ட ஃபீஸ் நியாயமாகவே இருந்தது. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற சிமுலேட்டர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் இன்று, தொடக்கநிலைப் பாடத்துக்கு அந்த நியாயம் மெலிந்துவிட்டது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இயந்திரமும் பாடமும் வீட்டுக்கு வந்துவிட்டாலும் பலர் முடிப்பதில்லை. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடிஇஎல்லில் பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். சேர்கிறவர்களில் சிறு பங்கினர்தான் தேர்வறை வரை வருகிறார்கள். அப்படியானால் இன்றைய வகுப்பு விற்பது நேர ஒழுங்கையும், பக்கத்தில் உட்காரும் பேட்ச் தோழர்களையும்தான். அதுவும் விலை கொடுக்கத் தக்கதே, மறுக்கவில்லை. ஆனால் அதன் விலை ஒரு லேபின் விலையாக இருக்க முடியாது. ‘நூறு சதம் பிளேஸ்மென்ட்’ என்ற பலகை இன்னும் பழைய அளவிலேயே ஃபீஸ் கேட்டால், எந்தப் பற்றாக்குறையின் பெயரால் கேட்கிறது என்று சேர்கிறவர் விசாரித்துக்கொள்ளலாம். புத்தகம், மடிக்கணினி, சிமுலேட்டர் மூன்றும் கையில் இருக்கிறவர் முதல் இரண்டு மாதம் தானே படித்துப் பார்ப்பதும், தடுக்கிய பாடத்துக்கு மட்டும் பணம் கட்டுவதும் என் கணக்கில் சரி.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கு தட்டச்சில் இன்று தலைகீழாகிவிட்டது. கோத்ரெஜ் தட்டச்சு இயந்திரம் செய்வதை நிறுத்தி ஆண்டுகள் பல ஆயின. வீட்டுக்கு வீடு விசைப்பலகை இருக்கிறது. அழுத்தினால் ‘டக்’ என்று ஒலிக்கும் இரும்புக் கட்டை மட்டும் இல்லை. அரசுப் பணிக்காக அந்தக் கட்டையில் லோயரும் ஹையரும் எழுதக் கிளம்பும் இளைஞர்கள், பழைய ரெமிங்டனுக்கு மை நாடா மாட்டி வைத்திருக்கும் மாடியறை இன்ஸ்டிடியூட்டைத் தேடி, தாத்தா கட்டிய அதே வாடகையைக் கட்டப் படியேறுகிறார்கள்.