செயலாற்றுகை மதிப்பீடு: கையொப்பத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

ஆண்டிறுதியில் புள்ளியிடப்பட்ட படிவமொன்று ஊழியரிடம் நீட்டப்படுகிறது. அவர் கையொப்பமிடுகிறார். அத்துடன் செயலாற்றுகை மதிப்பீடு முடிந்துவிடுகிறது. பல பணியிடங்களில் நடப்பது இதுதான். ஆனால் சம்பள ஏற்றமும் பதவியுயர்வும், ஒப்பந்த ஊழியராயின் அடுத்த ஆண்டு வேலையும் அந்தப் படிவத்தில் தங்கியிருக்கலாம். போரில் உழைப்பாளியை இழந்து, ஒருவரின் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல.

அநீதி பெரும்பாலும் அளவுகோலிலேயே தொடங்குகிறது. கண்ணிவெடி அகற்றும் பணியை எடுத்துக்கொள்வோம். துப்புரவாக்கிய சதுர மீற்றரை மட்டும் எண்ணினால், முகமாலை போன்ற பழைய முன்னரங்கில் வேலை செய்பவர் பின்தங்கியவராகத் தெரிவார். இரும்புத் துண்டுகள் சிதறிய நிலத்தில் உலோகத்தைக் கண்டறியும் கருவி அடிக்கடி ஒலிக்கும். ஒவ்வோர் ஒலியையும் நிதானமாகச் சோதிக்க வேண்டும். அங்கே வேகத்துக்கு மட்டும் புள்ளி கொடுப்பது உயிராபத்தை விலைக்கு வாங்குவதாகும். நிலத்தின் தன்மை, பாதுகாப்பு நடைமுறையைப் பின்பற்றியமை, தரப் பரிசோதனையின் முடிவு ஆகியனவும் சேர்ந்தாலே மதிப்பீடு நியாயமாகும். பஸ் ஓடாத கிராமங்களைப் பொறுப்பேற்ற வெளிக்கள உத்தியோகத்தரையும் நகரத்தில் இருப்பவருடன் வெறும் எண்ணிக்கையால் ஒப்பிட முடியாது.

மேலதிகாரிகள் செய்யவேண்டியவை:

• எவை அளக்கப்படும் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே ஊழியருடன் பேசி எழுத்தில் வைத்தல்.
• நல்லதையும் குறையையும் திகதியுடன் குறித்து வருதல். இல்லையேல் கடைசி மாதச் சம்பவமே முழு ஆண்டையும் தீர்மானித்துவிடும்.
• குறையைக் கண்டவுடன் சொல்லித் திருத்த அவகாசம் கொடுத்தல்.
• அங்கீகரிக்கப்பட்ட லீவைக் குறையாகக் கணிக்காதிருத்தல்.
• இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது, பின்வருபவருக்கு எழுத்துக் குறிப்பு விட்டுச் செல்லுதல்.

ஊழியர்கள் செய்யவேண்டியவை:

• செய்த வேலைகளை மாதந்தோறும் குறித்து, கடிதங்களின் பிரதிகளைப் பாதுகாத்தல்.
• விளங்காத மொழியிலுள்ள படிவத்தைத் தமிழில் கேட்டல். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழும் நிர்வாக மொழி என்பதை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உறுதிப்படுத்துகிறது.
• உடன்பாடில்லையெனில் ‘பார்த்தேன், உடன்படவில்லை’ என எழுதிக் கையொப்பமிட்டு, காரணங்களை இணைத்தல்.

அரச நிறுவனம் பிரதி தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். தனியார் துறையில் மதிப்பீட்டைக் காரணங்காட்டி வேலைநீக்கப்பட்டவர், உரிய காலத்துக்குள் தொழில் நியாய சபையை நாடலாம். அப்போது அவர் கையில் இருக்கும் குறிப்புகளும் பிரதிகளுமே அவருக்காகப் பேசும்.

குறைந்த புள்ளி கிடைத்தாலும், அதன் காரணத்தை முன்பே அறிந்து பதில் சொல்ல இடம் பெற்றவர் அதைத் தண்டனையாகக் கருதமாட்டார். மேலதிகாரிக்கும் அதுவே பாதுகாப்பு.