பிள்ளைக்கறி

பிள்ளைக்கறி என்பது, பைரவ அடியார் வேடத்தில் வந்த சிவன் கேட்டதற்கிணங்க, 63 நாயன்மாருள் ஒருவரான சிறுத்தொண்டர் தம் ஒரே மகன் சீராளனை அறுத்துச் சமைத்தளித்ததாக, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் கூறும் நிகழ்வையும், தெய்வத்தின் ஏவல் கொலையை அறமாக்குமா என்று அது எழுப்பும் சிக்கலையும் குறிக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால், நாமக்கல் குடைவரைச் சிற்பத்தில் அசுரன் இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர் தாமே கொல்கிறார், கொல்லப்படுபவனும் கொடியவன். சிறுத்தொண்டரின் ஊரான திருச்செங்காட்டங்குடியிலோ, குற்றமற்ற ஐந்து வயதுக் குழந்தையின் கால்களைத் தாய் திருவெண்காட்டு நங்கை மடியில் இடுக்கிக்கொள்ள, தந்தையே தலையை அரிகிறார். விவிலியத்தில், இறைவன் ஏவியபடி மகனைப் பலியிட முனையும் ஆபிரகாமின் கை வெட்டுமுன் தடுக்கப்படுகிறது. இங்குக் கறி சமைத்துப் படைக்கப்பட்ட பின்னரே, அழைத்ததும் பிள்ளை ஓடி வருகிறான். மகன் மீண்டதைக் காட்டி ஏவலை நியாயப்படுத்துவது போதாது. ஏனெனில் அவன் மீள்வான் என்று அறியாமலேயே பெற்றோர் கத்தியை எடுத்தனர்.