பழைய செய்தியைப் படிக்கத் தெரிந்த புதிய மென்பொருள்

விவாதக் களம் ஒன்றைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது என்றால் நமக்கு உடனே தோன்றுவது இதுதான்: சனிக்கிழமை ராத்திரி களத்தை மூடி, தரவுத்தளத்தை மாற்றி, திங்கட்கிழமை காலையில் திறப்பது. மூடுவதற்குக் கதவே இல்லை, உத்தரவு போட சொந்தக்காரரும் இல்லை என்றால் என்ன செய்வது? யூஸ்நெட்டின் நிலைமை அதுதான். ஆனாலும் அது தன் மென்பொருளைப் பலமுறை மாற்றிக்கொண்டது, பேச்சு அறுபடவில்லை. தரவு இடமாற்றத்தையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு இந்த வரலாற்றில் தனி ஆர்வம் உண்டு.

1979 இறுதியில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவருக்கும் உதித்த யோசனை இது. பக்கத்து ஊரில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீவ் பெல்லோவின் முதல் வடிவத்தை ஷெல் ஸ்கிரிப்டாக எழுதினார். பிறகு ஸ்டீவ் டேனியல் அதை சி மொழியில் எழுதினார். அதுதான் 'ஏ நியூஸ்'. ஒரு கணினி இன்னொன்றைத் தொலைபேசியில் அழைத்து, புதிய செய்திகளைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். அது அடுத்ததை அழைக்கும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு செய்திகள் வரும் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு சீக்கிரமே பொய்த்தது. 1981-இல் பெர்க்லியில் மார்க் ஹார்ட்டனும், அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த மேட் கிளிக்மனும் 'பி நியூஸ்' எழுதினார்கள். செய்தியின் வடிவமே இதில் மாறியது. ஏ நியூஸில் முதல் வரி 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும், அதை ஒட்டியே செய்தியின் அடையாள எண். அதன்பின் குழுவின் பெயர், வந்த வழி, தேதி, தலைப்பு என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிலையான இடம். நடுவில் புதிதாக ஒரு தகவலைச் சேர்க்க வழியில்லை. பி நியூஸ் மின்னஞ்சலைப் போல 'பெயர்: மதிப்பு' என்ற தலைவரிகளைக் கொண்டுவந்தது. எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், புரியாததை விட்டுவிடலாம்.

சரி, ஊரெல்லாம் ஏ நியூஸ் ஓடுகிறதே, அவர்களை என்ன செய்வது? யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் இரண்டு வடிவங்களும் கொஞ்ச காலம் பக்கத்து பக்கத்தில் வாழ்ந்தன. 1983 ஜூனில் ஹார்ட்டன் எழுதிய ஆர்.எஃப்.சி. 850 ஆவணம், புதிய வடிவத்தை வரையறுத்ததோடு நிற்காமல், அதே செய்தி பழைய வடிவத்தில் எப்படி இருக்கும் என்றும் எழுதிக் காட்டுகிறது. மாறாதவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட மாற்றம் அது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடையாள எண். எந்தக் கணினியில் எழுதப்பட்டதோ அதன் பெயரும், அங்கே கிடைத்த வரிசை எண்ணும் சேர்ந்ததுதான் ஒரு செய்தியின் அடையாளம். அது செய்தியோடேயே பயணிக்கும். பதில் எழுதுபவரின் செய்தியில் மூலச் செய்தியின் அடையாளமும் இருக்கும். எது எதற்குப் பதில் என்ற உறவு செய்திக்குள்ளேயே இருந்ததால், படிக்கும் மென்பொருள் எதுவானாலும் கவலையில்லை. இன்றைய களங்கள் பலவற்றில் அந்த உறவு தரவுத்தளத்தின் ஏதோ ஒரு அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது. மென்பொருளை மாற்றினால் எண்கள் மாறுகின்றன, பழைய சுட்டிகள் செத்துப்போகின்றன.

இந்த அடித்தளம் இருந்ததால் அடுத்தடுத்த மாற்றங்கள் சுலபமாயின. 1984-இல் லாரி வால் (பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர்) 'ஆர்.என்.' என்ற புதிய வாசிப்பானை எழுதினார். எதுவரை படித்தோம் என்ற குறிப்பு இருக்கும் பழைய கோப்பையே அதுவும் படித்தது. வாசகர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1986-இல் என்.என்.டி.பி. வந்தது, இணையம் வழியாகவும் செய்திகள் போக ஆரம்பித்தன. டொராண்டோவில் ஜெஃப் காலியரும் ஹென்றி ஸ்பென்சரும் எழுதிய 'சி நியூஸ்' உள்ளே முழுக்கப் புதிது, வேகமும் அதிகம். ஆனால் வெளியே போகும் செய்தி அதேதான். பக்கத்துக் கணினிக்கு மாற்றம் நடந்ததே தெரிய வேண்டியதில்லை.

நிஜமான சண்டை வந்தது மென்பொருளால் அல்ல, பெயர்களால். 1986-87-இல் குழுக்களை எல்லாம் காம்ப், ரெக், சை, சாக், டாக் போன்ற ஏழு பிரிவுகளில் அடுக்கினார்கள். முடிவெடுத்தது முதுகெலும்புக் கணினிகளின் நிர்வாகிகள் சிலர். பிடிக்காதவர்கள் 1987-இல் 'ஆல்ட்' என்று தனிப் பிரிவே தொடங்கிவிட்டார்கள். வடிவம் மாறியபோது வராத கோபம், யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னபோது வந்தது.

இத்தனைக்குப் பிறகும் பழைய பேச்சு மிஞ்சியது எப்படி? ஹென்றி ஸ்பென்சர் டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் 1981 முதல் 1991 வரை செய்திகளைக் காந்த நாடாக்களில் சேர்த்துவைத்தார். மொத்தம் 141 நாடாக்கள், சுமார் 20 லட்சம் செய்திகள். 2001 டிசம்பரில் கூகிள் வெளியிட்ட 20 ஆண்டுத் தொகுப்பில் இவை சேர்ந்தன. எழுதிய மென்பொருள் காணாமல் போயிருந்தாலும், வடிவம் தெரிந்திருந்ததால் படிக்க முடிந்தது. அவர் சேர்க்கத் தொடங்குவதற்கு முந்தைய செய்திகளில் பெரும்பகுதி போனது போனதுதான்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. ரோமன் எழுத்தில் தமிழ் எழுதிய சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவும் யூஸ்நெட்டில்தான் இருந்தது. அடுத்து மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று நம் பேச்சு யாஹூ குழுமங்களுக்குப் போனது. யாஹூவுக்குச் சொந்தக்காரர் ஒருவர். 2019 அக்டோபரில் அறிவித்தார்கள், சில மாதங்களில் குழுமங்களின் பழைய உள்ளடக்கம் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு பிரதி இருக்கும் ஏற்பாடு அங்கே இல்லை.

ஆகவே புதிய மென்பொருளுக்கு மாறப் போகிறவர்கள் வசதிப் பட்டியலைப் பார்க்கும் முன்பு கேட்க வேண்டியது ஒன்றுதான். நம் பேச்சை அந்த மென்பொருள் இல்லாமலும் படிக்க முடியுமா? முடியும் என்றால் தைரியமாக மாறலாம், நாளைக்கு அதிலிருந்து இன்னொன்றுக்கும் போகலாம்.